கதவுக்குப் பின்னால் குளிர்காலம்

நான் வேலை பார்க்கும் ஹோட்டலில்
துணிகளுக்கென்றே ஒரு தளம்.
எங்கள் வீட்டைப் போல ஆறு வீடுகளை
அங்கே அடுக்கி வைக்கலாம்,
மடித்து வைத்தால்.

நாளொன்றுக்கு இருநூறு உறைகள்.
மூலையோடு மூலை சேர்த்து,
காற்றைக் கையால் ஓட்டி,
விளிம்பை உள்ளே திருப்பி.
மேற்பார்வையாளர் சியூ புதியவர்களிடம் காட்டுவார்:
"பாருங்கள், காகிதம் போல."

பிறகு பேருந்து பிடித்து ஷாம் ஷுய் போ வந்து
ஐந்து மாடி ஏறி
நூற்று முப்பது சதுர அடியைத் திறக்கிறேன்.
கதவு முழுதாய்த் திறக்காது.
பின்னால் குளிர்காலம் மூட்டையாய் நிற்கிறது.

மூன்று பேருக்கு நான்கு ரஜாய்.
கணக்கு உதைக்கிறதே என்பான் சுங் ஹோய்.
நான்காவது எங்கள் கல்யாணத்துக்கு வந்தது.
சிவப்பு சாட்டினில் ஜோடி வாத்துகள்,
எட்டுக் காட்டி எடை.
போர்த்தினால் மூச்சு முட்டும்,
யாருக்காவது கொடுத்தால் பேச்சு வரும்.
அதுவும் போக ஜன்னல் திரைகள், துண்டுகள்,
பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்று.
எங்களிடம் மேசை கிடையாது.

கடைத்தெருவில் ஒரு பை விற்றான்.
குழாய் வைத்து உறிஞ்சினால்
மலையும் பலகையாகும் என்றான்.
ஆனது. கட்டிலடியில் தள்ளிவிட்டு
கர்வத்தோடு தூங்கினேன்.
எங்கோ ஓர் ஊசித்துளை.
இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய் மூச்சு வாங்கி
விடியும்போது செருப்புகளைத் தள்ளிக்கொண்டு
பாதி வெளியே வந்திருந்தது.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் மனிதர்கள்.
பஞ்சு, கொடுக்காமலே பிடுங்கும்.

கடைசியில் எல்லாம் அலமாரிக்குள் போயின.
தோளால் முட்டித்தான் சாத்த வேண்டும்.
சுங் ஹோய் முட்டுவான், நான் தாழ் போடுவேன்.

ஜனவரியில் ஒருநாள்
பத்து டிகிரி என்றது வானொலி.
அத்தனையும் வெளியே வந்தன.
அந்துருண்டை வாசனையோடு
கட்டில் ஒரு முழம் உயர்ந்தது.
அன்று மாலை பிக் யுன்னைக் காணோம்.

நூற்று முப்பது சதுர அடியில்
ஒரு பெண்ணைத் தொலைக்க முடியுமா?
குளியலறையில் இல்லை.
படிக்கட்டில் இல்லை, மொட்டைமாடியில் இல்லை.
திரும்பி வந்து நின்றபோதுதான்
அலமாரிக் கதவின் கீழே
ஒரு கோடு வெளிச்சம்.

திறந்தேன்.
பதின்மூன்று வயது, மடித்த முழங்கால்,
அதன்மேல் புவியியல்.
கொக்கியில் தொங்கும் டார்ச்.
வாத்துகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.
"தட்டிவிட்டுத் திறக்கக் கூடாதா?"

இந்த வீட்டில் யாரும் யாரையும்
அப்படிக் கேட்டதில்லை.
கேட்க ஒரு கதவு வேண்டுமே.

மறுநாளிலிருந்து தட்டினோம்.
சோற்றுத் தட்டை நீட்டும் முன்
சுங் ஹோய் இருமிக்கூடக் காட்டுவான்.

மார்ச்சில் சுவர்கள் வியர்த்தன.
பூஞ்சை பிடிக்குமுன் கட்டிவைக்க வேண்டும்.
ஒரே ஒருநாள் வெயில் வந்தது.
மொட்டைமாடியில் காயப்போட்டு
மூலையோடு மூலை சேர்த்து
மூன்றையும் ஏந்தி வந்து தட்டினேன்.

"யார்?"

கன்னம் வரை பஞ்சு. என் முகம் எனக்கே தெரியவில்லை.
உள்ளே பக்கம் புரளும் சத்தம்.
"யாருமில்லை" என்றேன்.

இப்போது ஜூலை.
மூன்று ரஜாய்களும் எங்கள் மெத்தைக்கடியில்.
முதுகு வேர்த்து ஒழுகுகிறது.
எழுந்து உட்கார்ந்தால்
சுங் ஹோயின் தலை கூரையில் இடிக்கிறது.
இடிக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறான்,
அலமாரியைப் பார்க்கிறான்,
மறுபடி படுத்துக்கொள்கிறான்.

நேற்று ஹோட்டலில்
ஓரம் நைந்த உறைகள் இருபதைக் கழித்தார்கள்.
"யாருக்காவது வேண்டுமா?" என்றார் சியூ.
வேண்டாம், வேண்டாம் என்று
எனக்குள் நானே கத்திக்கொண்டிருக்க
யாருடைய கை அது,
எல்லோருக்கும் முன்னால் மேலே போனது?